ஏணியைப் படுக்கப் போட்டவர்

எங்கள் மலையில் மிளகு பறிக்கிறவனுடைய ஏணியைப் பார்த்தாலே வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். மரத்தில் சாய்ந்திருந்தால் ஆள் மேலே இருக்கிறான், இல்லையென்றால் சோற்றுக்கு இறங்கியிருக்கிறான், மறுபடி ஏறுவான். தோளில் இருந்தால் மரம் மாறுகிறான். தோட்டம் மொத்தமும் பறித்து முடிந்த அன்றைக்குத்தான் ஏணி தரையில் நீட்டிப் படுக்கும். நடுவில் படுக்கப் போட்டால் அந்த ஆள் வேலையை நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். அதை வேறு யாரும் தொட்டு நிமிர்த்தக் கூடாது. போட்டவனே எடுக்க வேண்டும்.

இந்த முறை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடுவேலையில் முதல் ஆளாகப் படுக்கப் போட்டவர் என்று நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒருத்தரைத்தான்.

எனக்கு அவர் மாமன் முறை, என் மனைவிக்குச் சித்தப்பா. நாடு என்று நாங்கள் சொல்வது மலையில் சில ஊர்கள் சேர்ந்த பகுதியை. திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊருக்கு மேல்புறம், ஜீப் போகிற பாதை முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்குகிற இடத்தில் வீடு. ஒல்லியான உடம்பு, நீளமான கால். ஏணி என்றதும் இரண்டு பக்கமும் சட்டம் வைத்த ஏணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுடையது ஒற்றை மூங்கில். கணுவுக்குக் கணு கிளையை வெட்டும்போது ஒரு சாண் விட்டு வெட்டுவோம், அந்தத் துண்டுதான் படி. அவர் ஏணியில் அந்தப் படிகள் அவர் கால் எட்டுகிற தூரத்துக்கு இருக்கும். நான் ஒரு முறை ஏறிப் பார்த்து பாதியில் தொங்கினேன். கீழே நின்று, “எறங்கு மாப்ள, அது என்னோட காலு. உனக்கு எப்படி ஆவும்?” என்று சிரித்தார்.

ஊரில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அரவேல. அரைவேலை செய்கிறவர் என்று அர்த்தம். அது வந்த கதையைச் சொன்னால் ஆள் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

நோம்பி என்று நாங்கள் சொல்கிற திருவிழாவுக்கு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரிய பலாமரத்தில் சீரியல் பல்பு கட்ட வேண்டும். அவ்வளவு உயரத்தில் ஏற அவரை விட்டால் ஆள் இல்லை. “மத்தியானச் சோறு போட்டுருவோம், பொழுது சாயறதுக்குள்ள கட்டிக் குடுத்துருங்க” என்று நோம்பிக் கமிட்டியார் பேசி அழைத்தார்கள். மத்தியானம் ஆயிற்று. கமிட்டியார் பந்தல்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சோற்றை மறந்துவிட்டார்கள். மணி மூன்று ஆனதும் மனுசன் மரத்தில் பாதி வரை கட்டிய பல்போடு அப்படியே இறங்கிக் கை கழுவினார்.

“ஏனுங்க, மீதி?” என்றார்கள்.

“மீதி சோத்துக்குள்ளார இருக்குதுங்க” என்றார்.

அப்புறம் ஓடி ஓடிச் சோறு கொண்டு வந்தார்கள். அவர் தொடவில்லை. மத்தியானச் சோறு என்றுதானே பேச்சு, இது சாயங்காலச் சோறு என்றார். அந்த வருசம் எங்கள் பலாமரம் இடுப்புக்குக் கீழே வேட்டி கட்டின மாதிரி பாதி வெளிச்சத்தில் நின்றது. பெண்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். பட்டப்பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

சோளக்காட்டு டீக்கடையிலும் அப்படித்தான். மாஸ்டர் கிளாசில் பாதி டீயும் பாதி நுரையுமாக வைத்தார். இவர் கிளாசைப் பார்த்தார், பலகையில் வைத்தார், வெளியே போய் நின்றார். “குடிக்கலீங்களா?” என்று மாஸ்டர் கேட்டதற்கு, “நீங்க இன்னும் ஊத்தி முடிக்கலீங்களே. முடிச்சுட்டுக் கூப்புடுங்க, வாரேன்” என்றார். கடையே சிரித்தது. மாஸ்டரும் சிரித்துக்கொண்டே கிளாசை நிரப்பினார்.

சத்தம் போட மாட்டார், அதைத்தான் கவனிக்க வேண்டும். நாங்களெல்லாம் ஒருத்தன் ஏமாற்றினால் ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவோம், திட்டிவிட்டு மறுநாள் அவனிடமே வேலைக்குப் போய் நிற்போம். அவரிடம் ஒரு தடவை கேட்டேன்: “ஏன் மாமா, உங்களுக்குக் கோவமே வராதா?”

“கோவத்துல நிறுத்துனா, கோவம் ஆறுனதும் காலு தானா மரத்துக்குப் போயிரும் மாப்ள. ரோசன பண்ணி நிறுத்தோணும். அது ஆறாது.”

இதை அன்றைக்கு நான் வேடிக்கைப் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த மிளகுத் தோட்டத்துக்கு வருகிறேன்.

மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற கீழ்நாட்டு முதலாளி ஒருவர் எங்கள் பக்கத்தில் பெரிய தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரை நாங்கள் கண்டதில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ரைட்டர் இருந்தார், மோட்டார் சைக்கிளில் வருவார், இனிக்க இனிக்கப் பேசுவார். எங்கள் செட்டில் ஒன்பது பேர். ஏறுகிறவர்கள் ஆறு, கீழே உதிர்ந்ததைப் பொறுக்கவும் களத்தில் காயப்போடவும் பெண்கள் மூன்று. என் மனைவியும் அதில் ஒருத்தி. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி என்று பேச்சு.

அந்த வருசம் மாமனுக்கு அந்தக் கூலி மற்றவர்களுக்கு மாதிரி இல்லை. ஒரே மகள். ராசிபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. ஒன்பதாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவம் அப்பன் வீட்டில்தானே? முறைப்படி சம்பந்தி வீட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியை அத்தனை கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸில் உலுக்கி ஏற்ற முடியாது, கார் பிடிக்க வேண்டும். வெறுங்கையோடும் போக முடியாது. “மொளகு முடியட்டும், மவளக் கூட்டியாந்தர்றேன்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரி ஒரு கட்டிலைக்கூடக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டாள்.

முதல் இரண்டு சனிக்கிழமை கூலி சரியாக வந்தது. மூன்றாவது சனிக்கிழமை ரைட்டர், “முதலாளி வெளியூர்ல இருக்கறாருங்க, அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்குங்க” என்றார். நான்காவது சனிக்கிழமை, “பேங்க்ல ஏதோ கோளாறு” என்றார். ஐந்தாவது சனிக்கிழமை அவர் வரவே இல்லை.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரத்தில் கொடி சுற்றி, சரம் சரமாகத் தொங்கிய மிளகில் அங்கங்கே சிவப்பு விழ ஆரம்பித்திருந்தது. அந்தச் சிவப்புதான் எங்களுக்குக் கடிகாரம். பழுத்துவிட்டால் குருவி தின்னும், உதிரும், மண்ணோடு போகும். பத்துப் பதினைந்து நாள்தான் கெடு.

மாமன் தோளிலிருந்த ஏணியை மரத்தில் சாய்க்கவில்லை. களத்துக்குப் போகிற வழியோரம் தரையில் மெதுவாகப் படுக்க வைத்தார், தூங்குகிற பிள்ளையைப் பாயில் போடுகிற மாதிரி. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நான்தான் முதலில் வாய் திறந்தேன்.

“என்ன மாமா இது? நம்ம எல்லாருக்கும் மேல உங்களுக்குத்தான் காசு வேணும். மவளக் கூட்டியார வேண்டாமா?”

“அதுக்குத்தான் போட்டிருக்கறேன்.”

“நிறுத்துனா பழைய மூணு வாரமும் போயிருமே!”

“ஏறுனா மட்டும் வந்துருமா? மூணு வாரம் வரலீனு நாலாவது வாரம் ஏறுவ. நாலும் வரலீனு அஞ்சாவது ஏறுவ. இப்படியே ஏறிக்கிட்டே இருந்தா அவுங்களுக்கு என்ன வந்துது?” மரத்தைக் கையால் காட்டினார். “இப்ப செவந்திருக்குது பாரு, இப்பத்தான் நம்ம சொல்லு கீழ வரைக்கும் கேக்கும். மூட்ட லாரில ஏறி மலைய எறங்கிருச்சுன்னா, நீ கத்துனாலும் கேக்காது.”

என் மனைவி தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறினாள். “சித்தப்பா சொல்றது சரிதான். நானும் உக்காந்துக்கறேன்” என்று ஏணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருத்தராக வந்தோம். சிறிது நேரத்தில் ஆறு ஏணியும் வரிசையாகத் தரையில் கிடந்தன. என் ஏணி கடைசி.

அந்த மூன்று நாளும் திருவிழா மாதிரி இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? காலையில் வருவோம், ஏணிக்குப் பக்கத்தில் உட்காருவோம். குச்சிக்கிழங்கை வேகவைத்துக் கொண்டு வந்து பச்சை மிளகாய்ச் சட்னியோடு தின்போம். மாமன் ஒவ்வொருத்தர் ஏணியையும் பார்த்துக் குறை சொல்லுவார். “இது ஏணியா, இல்ல உன்ற மாமியாளுக்கு ஊனுகோலா?” என்பார். பெண்கள் பாட்டுக்கூடப் பாடினார்கள். ஆனால் நான் மட்டும் அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் சரத்துக்கு ஒரு சிவப்பு, இன்றைக்கு மூன்று சிவப்பு. குருவிகள் வந்துவிட்டன. உதிர்ந்த மிளகு காலடியில் நறநறத்தது. அது அடுத்தவன் மிளகுதான். ஆனாலும் மண்ணில் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

வியாழக்கிழமை ரைட்டர் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

“முதலாளி ஒண்ணுதான் சொன்னாருங்க. தோட்டத்த முடிச்சுக் குடுத்தா கடைசி நாள் மொத்தக் கூலியும் கையில. முடிக்காதவங்களுக்கு ஒண்ணும் இல்ல. வெளியாளுக்குச் சொல்லியாச்சு, நாளைக்குக் காலைல வண்டி வருது. உங்க இஷ்டமுங்க.”

“வரட்டுமுங்க சாமி” என்றார் மாமன். “வாரவங்களுக்கும் இந்த ஏணி கண்ணுல படும்.”

ரைட்டர் போய்விட்டார். வெளியாள் வண்டி வருகிறதா, வெறும் பேச்சா என்று எங்களுக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அந்த மூன்று வாரக் கூலி ஒரு கயிறு மாதிரி என் இடுப்பில் கட்டியிருந்தது, அதை அறுத்துப் போட எனக்குத் துணிவில்லை. எழுந்து போய் என் ஏணியை எடுத்தேன்.

என் மனைவி, “என்ன பண்றீங்க?” என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. மரத்தில் சாய்த்தேன். பின்னால் இன்னொரு மூங்கில் தரையை விட்டு எழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

மாமன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், மனது கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் எழுந்து என் மரத்தடிக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“மாப்ள, இந்த மரத்துல மூணாவது கெள உள்ள செத்தது. கால ஊனிராத. கவுத்த அதுக்கு மேல கட்டிக்க.”

அவ்வளவுதான். ஒன்பது பேரில் அவர் ஒருத்தர் மட்டும் திரும்பிப் போனார். அவருடைய ஏணி மட்டும் அங்கேயே கிடந்தது. நாங்கள் மிச்சம் இருந்த மூன்று வாரமும் தினம் அதைத் தாண்டித் தாண்டி வேலைக்குப் போனோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. மறுநாளே பஸ் ஏறி நாமக்கல்லில் இருக்கிற தொழிலாளர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த ஆபீசர் அம்மா நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். எத்தனை பேருக்குக் கூலி வரவில்லை என்று கேட்டிருக்கிறார். ஒன்பது பேர் என்று மாமன் சொல்லியிருக்கிறார். அப்படியானால் மற்றவர்களையும் வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஒருத்தர் மட்டும் சொன்னால் தோட்டத்துக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றாராம் அந்த அம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். “ஒரு நாளு எல்லாருமா எறங்கிப் போயிட்டு வந்துரலாமா மாப்ள?”

“தோட்டம் முடிய இன்னும் மூணு வாரந்தான் மாமா. இப்பப் போயி எழுதிக் குடுத்தா மொத்தமும் கெட்டுரும். முடிச்சுட்டுப் போலாம்.”

“முடிச்சுட்டுப் போறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது, கண்ணு” என்றார். கண்ணு என்று என்னைச் சொன்னாரா, உள்ளே நின்ற என் மனைவியைச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவள் அன்றைக்கு எனக்குச் சோறு எடுத்து வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

முடித்தோம். கடைசி மரம் வரைக்கும் ஒரு சரம் விடாமல் பறித்தோம். மிதித்து, காயவைத்து, தூற்றி, மூட்டை கட்டிக் கொடுத்தோம். லாரியில் ஏற்றியதுகூட நாங்கள்தான். ரைட்டர் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து, “நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க” என்றார்.

பத்து மணிக்கு கேட்டில் பூட்டு. ரைட்டர் போன் எடுக்கவில்லை. ஒரு வாரம் தினம் போய் நின்றோம். அப்புறம் குத்தகை கை மாறிவிட்டது என்று வேறு ஒருவர் வந்து சொன்னார். பழைய கூலிக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்றார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருந்தது. எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. அப்புறம் தொழிலாளர் ஆபீசுக்கும் போனோம். எழுதி வாங்கிக்கொண்டார்கள். முதலாளியின் பேரைக் கேட்டார்கள். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தருக்கும் முழுப் பேர் தெரியவில்லை.

மாமனுக்குப் போனது மூன்று வாரம். எங்களுக்குப் போனது ஆறு வாரம்.

மகள் கீழேயே பெற்றாள். பெண் குழந்தை. அழைக்க ஆள் வரவில்லை என்று மாமியார் ஆஸ்பத்திரியிலேயே பேசினாளாம். மாமனும் அவர் வீட்டுக்காரியும் ஒரு தார் மலைவாழைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எப்படி இருந்தது என்று என் மனைவி கேட்டாள். “வாங்கன்னாங்க கண்ணு. உக்காருங்கன்னு சொல்றதுக்கு மறந்துட்டாங்க” என்றார். அந்தக் கட்டில் ரொம்ப நாள் அவர் வீட்டில் பாய் போடாமல் கிடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வருசம் வேறு தோட்டம். அந்தத் தோட்டத்து ரைட்டர் எங்கள் செட்டைக் கூப்பிட்டுப் பேசினார். பேச்சோடு பேச்சாக, “அந்த அரவேல ஆளு உங்க செட்டுலதான் இருக்கறாருங்களா? நடுவுல ஏணியப் படுக்கப் போட்டுருவாராமே” என்று கேட்டார். சேதி எங்களுக்கு முன்னால் தோட்டம் தோட்டமாகப் போயிருந்தது.

நான், “இல்லீங்க” என்றேன்.

வேலைக்கு அழைத்துப் போகிற பிக்கப் வண்டி வந்த அன்றைக்கு, முக்கில் மாமன் நின்றுகொண்டிருந்தார். வேலை தொடங்குகிற நாளை அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். தோளில் புது ஏணி. அந்தப் பழையது தோட்டத்திலேயே போய்விட்டது. இவர் புதிதாக மூங்கில் வெட்டி, படி செதுக்கி, பச்சை மாறாமல் கொண்டு வந்திருந்தார். வண்டியில் எல்லோரும் ஏறினோம். ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் ஏறுகிற இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து வழி விட்டார்.

“போயிட்டு வாங்க மாப்ள” என்றார். அதற்கு முன்னால் ஒரு நாளும் என்னை அவர் வாங்க போங்க என்று சொன்னதில்லை.

அந்த மாதமே வீட்டைப் பூட்டிக்கொண்டு புருசனும் பெண்டாட்டியும் கீழே கோழிப்பண்ணை வேலைக்குப் போனார்கள். அங்கேயும் ஏதோ பேச்சு மாறியதில் நிறுத்திவிட்டு வேறு இடம் போனதாகக் கேள்வி. இப்போது எங்கே என்று தெரியாது. போன் நம்பர் மாறிவிட்டது. மேல்புறம் போகிற போதெல்லாம் பார்க்கிறேன். அந்தப் புது ஏணியை வாசலில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். ஒரு மரத்தில்கூடச் சாயாத ஏணி. கரையான் ஒரு பக்கம் தின்றுவிட்டது. அடுப்புக்குக்கூட யாரும் எடுக்கவில்லை.

இந்த வருசமும் மிளகு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. என் மனைவிக்கு முழங்கால் வலி, வேலைக்கு வருவதில்லை. நான் இன்னொரு தோட்டத்தில் ஏறுகிறேன். போன சனிக்கிழமையோடு கூலி வராமல் மூன்று சனிக்கிழமை ஆயிற்று. “அடுத்த வாரம் சேர்த்து வாங்கிக்குங்க” என்றார்கள்.

திங்கட்கிழமை காலை மரத்தடியில் நின்றோம். ஏழு பேர், ஏழு தோளில் ஏழு ஏணி. சரத்தில் சிவப்பு விழுந்திருந்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை, ஒருத்தர் ஏணியை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தோம். எவனாவது ஒருத்தன் குனிந்து தரையில் வைத்திருந்தால் நானும் வைத்திருப்பேன் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பழைய செட்டு ஆள் ஒருத்தன், “அரவேல இருந்திருந்தா இந்நேரம் படுக்கப் போட்டிருப்பாரு” என்றான். எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கால் கழுவி உட்கார்ந்தேன். என் மனைவி என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மிளகுக் கறையைப் பார்த்தாள்.

“இந்த வாரமும் குடுக்கலீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் ஏறுனீங்களா?”

“ஏறுனோம்.”

என் உள்ளங்கையைத் திருப்பி மறுபடியும் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

“யாரு மொதல்ல ஏறுனது?”

“பசிக்குது, சோத்தப் போடு” என்றேன்.